கிரைண்டரில் போட்ட களவா

அப்பா கைலியை மடித்துக் கட்டியிருந்தார். காலில் ரப்பர் செருப்பு. கண்ணில் வெல்டிங் வைக்கும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி. கையில் கிரைண்டர். எதிரே இரும்பு மேஜையின் மேல், வால் வைஸ் இடுக்கியில் இறுக்கப்பட்டு, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது ஒரு களவா மீன்.

"கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டா மீனு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

"தெரியலைதேன். இருந்தாலும் கண்ணு முக்கியம்ல," என்றார். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டார்.

பட்டறை வாசலில் அம்மா நின்றாள். வலது கை மாவுக்கட்டில். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், அப்பாவின் விரல் சுவிட்சுக்குப் போனதும் கத்தினாள்.

"இந்தாருங்க! ரப்பர் செருப்பு போட்டீகளா? ஈரத்துல கரண்டு அடிச்சுக் கிடந்தீகன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரகளுக்கு யாரு பதில் சொல்றது?"

அப்பா ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினார். பிறகு சுவிட்சைத் தட்டினார்.

அடுத்த நொடி மழை பெய்தது. தண்ணீர் மழை இல்லை, செதில் மழை. என் தலை, அம்மாவின் மாவுக்கட்டு, கூரைத் தகரம், காலண்டர் முருகன், எல்லார் மேலும் பொழிந்தது. அன்று மதியம் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் வீட்டார் எங்கள் வீட்டில் கை நனைக்க வருகிறார்கள்.

மாவுக்கட்டுக் கை

அம்மா குழாயடியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்ட கதையைப் போன வாரம் இதே பகுதியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு அம்மாவே போன் பண்ணினாள். "நான் எங்கடி வழுக்கி விழுந்தேன்? பாசி வழுக்கி விட்டுருச்சுன்னு எழுது," என்றாள். எழுதிவிட்டேன். குற்றவாளி பாசிதான்.

அந்தக் கட்டு பிரிக்காத சமயத்தில்தான் திருப்பத்தூர்ச் சம்பந்தம் கூடி வந்தது. அப்பாவுக்குக் காரைக்குடியில் வீட்டோடு ஒட்டிய கிரில் பட்டறை. கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று செய்து கொடுப்பார். பூர்வீகம் சாக்கோட்டைப் பக்கம் விவசாயம். மாப்பிள்ளை வீட்டிலும் விவசாயம்தான்; பையன் மட்டும் சிவகங்கையில் அரசு ஆபீசில் வேலை. பேச்செல்லாம் பேசி முடித்தாயிற்று. பாக்கி இருந்தது கை நனைப்பு மட்டும்.

இந்தக் கை நனைப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகிறவரை பெண் வீட்டில் சோறு தின்ன மாட்டார்கள். காப்பி குடிப்பார்கள், பழம் தின்பார்கள், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். என்றைக்கு இலை போட்டு உட்கார்ந்து, கை நனைத்துச் சாப்பிட்டு எழுந்தார்களோ, அன்றைக்குச் சம்பந்தம் உறுதி. பாதியில் எழுந்து போய்விட்டால் முடிந்தது. அப்புறம் எந்த மத்தியஸ்தர் வந்தாலும் ஒட்டாது.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் பெண் வீட்டில் மோர்ச்சோறு கொஞ்சம் குடித்துவிட்டு வந்து, அது கை நனைப்பில் சேருமா சேராதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது உண்டு. கரைத்துக் குடித்ததால் கை நனையவில்லை என்று அவர் கடைசிவரை சாதித்தார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

ஆக, எனக்கு அன்றைக்கு எல்லாமே அந்த இலைகளில்தான் இருந்தது. எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் என்னைப் பார்க்க, அவர் மட்டும் அப்பா செய்த ஜன்னல் கிரில்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போதுமானதாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கை நனைக்கிற விருந்து நடக்கிற வீட்டில், சமைக்க வேண்டியவளுக்குக் கை நனையவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அடுப்படியில் தனியாக நின்று அழுதாள்.

அண்ணே, செதிலு மட்டும் வம்பு பண்ணும்

ஆட்டுக்கறி எடுத்திருக்கலாம். நாட்டுக்கோழி அடித்திருக்கலாம். அப்பாதான் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மீன் என்றால் உயிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"திருப்பத்தூர்ல அவுகளுக்குக் கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும். கண்மாய் மீனு தின்னவுகளுக்குக் கடல் மீனு போட்டாத்தேன் மருவாதி," என்றார். தொண்டியிலிருந்து ஐஸ் பெட்டியோடு வண்டியில் வருகிற மீன்கார பாயிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிட்டார்.

பாய் விடிந்ததும் முழு மீனாகக் கொண்டுவந்து இறக்கினார். "தூண்டில்ல விழுந்ததுண்ணே. செவுளைப் பாருங்க, ரத்தம் சொட்டுது. செதிலு மட்டும் கொஞ்சம் வம்பு பண்ணும்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தைக்காக அவரை அம்மா பல வருடம் மன்னிக்கவில்லை.

களவாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சங்கரா, விளமீன் மாதிரி செதில் மேலாக்கில் உட்கார்ந்திருக்காது. பொடிசு பொடிசாகத் தோலுக்குள் புதைந்து கிடக்கும். மேலே வழவழவென்று ஒரு கோழை. பிடித்தால் நழுவும். முதுகு முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி. தலையோ கல். பெரிய மீனாகிவிட்டால் அருவாமனை பல்லிளித்துவிடும்.

வழக்கமாக மீன் ஆய்ந்து தருகிற பெண், பேத்திக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போயிருந்தாள். அம்மா நல்ல கையோடு இருந்திருந்தால் சாம்பலும் கல்லுப்பும் போட்டுச் சொரசொரப்பான கருங்கல்லில் தேய்த்தே வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். நான் கத்தியை எடுத்தேன். "மருதாணி வச்ச கையில கவுச்சி அடிச்சா விளங்கும்," என்று பிடுங்கிக்கொண்டாள். அதற்குள் ஒரு முள் விரலில் ஏறி, கத்த முடியாமல் கத்தினேன்.

அப்பா முதலில் கத்தியால் சுரண்டினார். பிறகு தேங்காய்த் துருவியால். பிறகு அரம். மீன் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா மீனை ஒரு பார்வை பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கிரைண்டரை ஒரு பார்வை பார்த்தார்.

"துருவும் செதிலும் ஒண்ணுதானத்தா. ரெண்டும் விட மாட்டேங்குது. துருவை எப்படி எடுக்குறோம்?"

ஓய்கிற வேகம்

பட்டறைக் கிரைண்டரைப் பார்க்காதவர்கள் இருந்தால், அது கையில் பிடிக்கிற மிஷின். முனையில் ஒரு சக்கரம் சுழலும். இரும்பு வெட்ட ஒரு சக்கரம், தேய்க்க ஒரு சக்கரம், துரு எடுக்கக் கம்பி பிரஷ். அப்பா பிரிக்காத புது பிரஷ் ஒன்றை எடுத்தார். அம்மா அதைப் புளியும் மஞ்சளும் போட்டு என்னைக் கழுவ வைத்தாள். ஒரு இரும்பு பிரஷுக்கு மஞ்சள் குளியல் நடந்தது உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

முதல் ஓட்டத்தில்தான் அந்தச் செதில் மழை. மழையோடு வயிற்றுப் பக்கம் ஒரு துண்டுச் சதையும் பிய்ந்து போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. "போச்சு," என்றாள் அம்மா.

அப்பா மிஷினை நிறுத்தினார். நின்று யோசித்தார். எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது அந்த நிற்பு. எந்த வேலை கெட்டுப்போனாலும் அவர் திட்ட மாட்டார், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

பிறகு சுவிட்சைப் போட்டார். வேகம் ஏறியதும் அணைத்தார். சக்கரம் கரண்டு இல்லாமல் தானாக ஓய்ந்துகொண்டு வரும் இல்லையா, அந்த ஓய்கிற வேகத்தில் மீனைத் தொட்டார். வாலிலிருந்து தலைப் பக்கமாக, எதிர்ப்போக்கில், மெதுவாக ஒரு இழுப்பு. செதில் மட்டும் சரசரவென்று கிளம்பியது. தோல் அப்படியே இருந்தது.

போடு, அணை, தொடு. போடு, அணை, தொடு. நடுநடுவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான் தண்ணீர் ஊற்றினேன். துடைத்த பிறகு மறுபடி பிளக். முதுகு முள்ளை வெட்டுச் சக்கரம் போட்டு எடுத்தார். பல் டாக்டர் கடையில் அடிக்கிற வாசனை வந்தது. இரும்பு மாதிரி பொறி பறக்கும் என்று எதிர்பார்த்தார் போல. ஒரு பொறியும் வராததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தலையை, இரும்பு அறுக்கிற புது ஆக்ஸா பிளேடால் அறுத்தார்.

முடிந்தபோது மேஜையில் கிடந்தது மீனா, பாலிஷ் போட்ட ஏதாவது ஒன்றா என்று சொல்ல முடியாது. அம்மா இடது கை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு செதில் தட்டவில்லை. "இந்தக் கை ஒடிஞ்சதும் நல்லதுக்குத்தேன்," என்றாள்.

பட்டறை மூலையில் ஒரு ஆச்சி வீட்டுக்குச் செய்த கேட்டு ரெட் ஆக்சைடு காயாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் ஈரப் பூச்சில் செதிலெல்லாம் அப்பிக்கொண்டு மின்னியது. மறுநாள் அந்த ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "இதென்னப்பா சரிகை வேலையெல்லாம் பண்ணீருக்கீக? நான் கேட்கவே இல்லையே. காசு கூடவா?" என்றார்களாம். அப்பா உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு பதில்கள்

மதியம் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அம்மா, அதாவது எனக்கு மாமா, அத்தை; மாப்பிள்ளை, அவருடைய சித்தப்பா, இன்னும் சிலர். அத்தை கவுச்சி சேர்க்க மாட்டார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவருக்கென்று புதுப் பாத்திரத்தில் சாம்பார், கூட்டு, கூடவே வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. பணியாரம் பூப் போல வந்திருந்தது. நான் ஊற்றியது. இதில் தற்பெருமை எதுவும் இல்லை, நிஜமாகவே நன்றாக வந்திருந்தது.

இலை போட்டாயிற்று. களவாத் தலை மாமாவின் இலையில் விழுந்தது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். மாமா கை நனைத்துச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

அந்தச் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "சம்பந்தி, களவான்னா எங்க வச்சாலும் நறநறன்னு ஒரு செதிலாச்சும் பல்லுல படும். இதுல ஒண்ணு கூட இல்லையே! யாரு கழுவுனது?"

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். காலையிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்.

"நாந்தேன். கிரைண்டர்ல போட்டேன். நாலு ஓட்டு ஓட்டுனேன், பளபளன்னு வந்துருச்சு. வீட்டுல கிரைண்டரை வச்சுக்கிட்டு எதுக்குக் கையைத் தேய்க்கணும்ங்கிறேன்?"

அத்தையின் இலையில் பாதி கடித்த பணியாரம் இருந்தது. மீதிப் பாதி வாயில். மெல்லுவதை நிறுத்திவிட்டார். அம்மாவைப் பார்த்து, வாயைப் பாதி மூடிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"சம்பந்தியம்மா, பணியாரத்துக்கு மாவு எதுல ஆட்டுனீக?"

அம்மா மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். "ஆட்டுக்கல்லுல ஆட்டக் கை ஏது? எல்லாம் நம்ம கிரைண்டர்லதேன்!"

அத்தை எழுந்துவிட்டார்.

இலையை மூடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். மாமாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. சித்தப்பா வாயில் வைத்ததை விழுங்கலாமா வேண்டாமா என்று முழித்தார். அப்பா மீன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னாச்சு? காரம் கூடப் போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கை நனைக்க வந்தவர்கள் கை கழுவிவிட்டுப் போய்விடுவார்களோ? கல்யாணப் பெண் வெளியே வரக் கூடாதாவது ஒன்றாவது. சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மோந்து பார்த்தவர்

கொல்லை நடையில் எங்கள் மாவரைக்கிற கிரைண்டர் இருந்தது. அத்தை வாயைக் கொப்பளித்துவிட்டு அதன் மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வருங்கால மாமியார் கிரைண்டருக்குள் தலையை விட்டிருக்கிறார், மருமகள் பின்னால் நின்று கெக்கெக்கே என்று சிரிக்கிறாள்.

அத்தை நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர்.

"சிரிக்கிறியாத்தா? எம் மகன் சின்னப் பிள்ளையில காச்சல்ல விழுந்து, பிழைக்க மாட்டான்னு சொல்லிட்டாக. குன்றக்குடி முருகன்கிட்ட நேர்ந்துக்கிட்டேன். இவன் கழுத்துல மாலை ஏறுற வரைக்கும் கவுச்சி தொட மாட்டேன்னு. இத்தனை வருசம் காத்துட்டேன். இன்னும் ஒரு மாசம்தேன் பாக்கி. இந்த வீட்டுல வந்து கெட்டுப்போச்சே!"

என் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் கட்டப் போகிறவர் உயிரோடு இருப்பதற்கு இந்தப் பொம்பளை தன் நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறார். மீன் மணக்கிற வீட்டில், மீன் தின்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இத்தனை வருடம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அத்தை, கெடலை. இங்குட்டு வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்குட்டு இழுக்குற?"

"வாங்களேன்."

பக்கவாட்டுக் கதவைத் திறந்து பட்டறைக்குக் கூட்டிப்போனேன். மேஜையில் கிடந்த மிஷினைக் காட்டினேன். பிரஷ் கம்பிகளுக்கு நடுவே இன்னும் செதில் சொருகியிருந்தது.

"இதுலதேன் அப்பா மீனைப் போட்டாக. உங்க பணியாரத்துக்கு ஆட்டுனது நீங்க மோந்து பார்த்த அது."

"இது என்னது?"

"கிரைண்டரு."

"அப்ப அது?"

"அதுவும் கிரைண்டருதேன் அத்தை."

அத்தை மிஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நம்பவில்லை. "தள்ளி நில்லுங்க," என்று சொல்லி அவரை வாசலில் நிறுத்திவிட்டு, அப்பாவுடைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். மிச்சமிருந்த செதிலெல்லாம் கிளம்பி வந்து என் முகத்தில் அடித்தது. பட்டுச் சேலை, பூ, கன்னம் எல்லாம் செதில்.

அப்போதுதான் அத்தை சிரித்தார். வாய் விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி ஆத்தாடி! ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சு எங்குடியைக் கெடுக்கப் பார்த்தாகளே!" அப்புறம் என் கன்னத்தைப் பார்த்துக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான் தொட மாட்டேன்த்தா. நீயே எடுத்துக்க."

உள்ளே எல்லாரும் அதே நிலையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை போய் உட்கார்ந்தார்.

"எனக்கு வேற இலை போடுங்க. பணியாரம் ஆறிப் போச்சு, சூடா வேணும்."

எதற்கு எழுந்தார் என்று அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. சபையில் அவரைக் கூனிக் குறுக விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் நான்தான் சொன்னேன். அப்பா சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடிந்தது.

கிளம்பும்போது மாப்பிள்ளை என் பக்கம் வந்து நின்றார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கன்னத்துல என்ன, ஜிகினாவா? நல்லாருக்கு," என்றார்.

ஆமாம் என்றேன். கல்யாண ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் "இதுல ஜிகினாவைக் காணோமே," என்பார். இப்போதும்தான்.

சம்பந்தி மிஷின்

மறுவீட்டுக்கு அத்தையும் வந்தார். அப்பா மறுபடி ஒரு களவா வாங்கி, மறுபடி கிரைண்டரில் போட்டார். நேர்த்திக்கடன் முடிந்திருந்தது. அத்தை ஒரு துண்டை எடுத்து இலையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முள்ளு எடுக்கவே மறந்துபோச்சு," என்றார்.

"களவால பொடி முள்ளு கிடையாது சம்பந்தியம்மா. தைரியமாத் தின்னுங்க," என்றார் அப்பா. அத்தை தின்றார். அதிலிருந்து எந்த மீனைத் தின்றாலும், "சம்பந்தி மிஷின்ல போட்ட மாதிரி வராது," என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்ததில்லை.

என் வீட்டுக்காரர் சிவகங்கையில் ஆன்லைனில் ஒரு செதில் எடுக்கிற மிஷின் வாங்கினார். பேட்டரியில் ஓடுவது. கொசு மாதிரி ரீங்காரம் போடும். சங்கராவுக்குச் சரி. களவாவில் வைத்தால் அதுவே நின்றுவிடும். அதைப் பார்க்க வந்த அப்பா, "பொம்மை நல்லாருக்கு மாப்பிள்ளை," என்றார்.

அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். மழை நாள். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

அம்மா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பேசவும் இல்லை. சோறு வைத்தால் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எழுந்துவிடுவாள். காப்பியில்தான் உயிர் ஓடியது. காரியம் முடிந்த மறுநாள் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் துக்கத்தை முடிக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக்காரர்கள்தான் செய்ய வேண்டும். ஆட்டுக்கறி என்று பேச்சாகியிருந்தது.

அத்தை திருப்பத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். டிக்கியில் ஐஸ் பெட்டி. அதற்குள் ஒரு முழுக் களவா.

"ஆயாம வந்திருக்கீகளே அத்தை," என்றேன்.

"எதுக்கு ஆயணும்? சம்பந்தி மிஷின் இருக்குல்ல?"

அப்பா போனதிலிருந்து பட்டறையைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். இரும்புத் தூள், எண்ணெய், ரெட் ஆக்சைடு எல்லாம் கலந்த வாசனை முகத்தில் வந்து அடித்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை பக்கத்தில் நின்றார். நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு மீனின் வாலை வைஸில் இறுக்கினேன். புது பிரஷ் அலமாரியில் இருந்தது. மஞ்சள் போட்டுக் கழுவினேன். போடு, அணை, தொடு.

இரண்டாவது ஓட்டத்தில் வாசலில் நிழல் தட்டியது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். ஒரு கணம் யார் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்தாளோ, எனக்குத் தெரியும், கேட்கவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தாள். முகம் கோணியது. பிறகு கத்தினாள்.

"ஏண்டி! ரப்பர் செருப்பு போட்டியா?"

ஒரு காலைத் தூக்கிக் காட்டினேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவ்வளவு நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அத்தை போய் அவளைப் பிடித்துக்கொண்டார். போகிற வழியில் என் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு செதிலை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மதியம் இலை போட்டார்கள். அத்தை அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, கை நனைக்க வந்திருக்கேன். நீங்க நனைச்சாத்தேன் நானும்."

அம்மா இலையைப் பார்த்தாள். களவாத் துண்டைப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல கை நனைச்ச அன்னைக்கு நான் நனைக்கலை சம்பந்தியம்மா," என்றாள். "மாவுக்கட்டு. எல்லாரும் எந்திரிச்ச பிறகு ஸ்பூன்ல நாலு வாய் குழம்புச்சோறு தின்னேன். மீனு தீர்ந்துபோச்சு. அடுத்த தடவை பார்த்துக்குவோம்னாக உங்க சம்பந்தி."

"அப்ப இன்னைக்கு நனைங்க," என்றார் அத்தை.

அம்மா வலது கையை நீட்டினாள். அத்தை சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார்.